டேபிள் மாஸ்டரின் முதல் வரி

ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் சரியாக மூன்று நாற்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நேரம் ஏன் ஞாபகம் இருக்கிறதென்றால், அப்போதுதான் போன கரண்ட் திரும்பி வந்து கடையின் மின்விசிறி முதல் சுற்று சுற்றியது. கூடவே போனும் அடித்தது. சென்னைக்கு இண்டர்வியூவுக்குப் போயிருந்த என் மகள் பர்வீன்.

"அத்தா, முடிஞ்சிருச்சு."

"நல்லா பண்ணியாம்மா?"

"சிரிச்சாங்க அத்தா."

"சிரிச்சாங்கன்னா நல்லதுதானே?"

"என் முகத்தைப் பாத்துச் சிரிக்கல. நான் எழுதிட்டுப் போன பக்கத்தைப் பாத்துச் சிரிச்சாங்க."

அதற்கப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

பாபநாசத்தைச் சுற்றி எட்டு ஊர்ப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் அறிவில் பாதி, டேபிள் மாஸ்டர் கொடுத்தது. அந்தப் பாதி முழுவதும் தப்பு என்கிற செய்தி, அந்த மூன்று நாற்பதுக்குத்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

மாஸ்டருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் போட்டிருக்கலாம். உரக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். படியேறும்போதே பூச்சிமருந்து வாடை மூக்கைத் துளைக்கும். மேலே ஆறு கம்ப்யூட்டர். நாலு ஓடும். ஐந்தாவது ஓடுவதுபோல் சத்தம் மட்டும் போடும். ஆறாவதின் தலையில் சாக்பீஸ் டப்பா இருக்கும். மாஸ்டர் முழுக்கைச் சட்டை போட்டு, சிவப்பு டை கட்டி, வெறுங்காலோடு நிற்பார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்பை எல்லோரும் வாசலில் கழற்றிவிட வேண்டும், அவர் உட்பட. டை கட்டிய வெறுங்கால் மனிதரை நான் துபாயில்கூடப் பார்த்ததில்லை.

அவர் உயிரைக் கொடுத்து நடத்திய பாடம் ஒன்றுதான்: இணையத்தில் வரும் பக்கங்களை எழுதுவது. தலைப்பு எங்கே, படம் எங்கே, எழுத்துக்கு என்ன நிறம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிகளுக்கு டேக் என்று பெயர். நாடு வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்த நாட்களில், மாஸ்டர் சென்னைக்கு மட்டும் போய் மூன்று மாதம் தங்கி, இந்த வித்தையை ஒரு தடிப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் டேக் விதிகள் எத்தனையோ தடவை மாறிவிட்டன. புத்தகத்துக்கு அட்டை போனது ஒன்றுதான் அவர் மேஜையில் நடந்த மாற்றம்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் நாற்பது பக்கம் நோட்ஸ் எழுத வேண்டும். அவர் சொல்வார், பிள்ளைகள் லாங் சைஸ் நோட்டில் எழுதும். கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது, வியர்வை சொட்டச் சொட்ட நடக்கும். பரீட்சையும் நோட்டில்தான். கபிஸ்தலத்திலிருந்து வந்து படித்த ஒருத்தர், சர்டிபிகேட் வாங்கிய பிறகுதான் மவுசுக்கு வால் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்.

"எழுதிக்குங்க! டேக் எல்லாம் பெரிய எழுத்துல போடணும். சின்ன எழுத்துல கூப்பிட்டா கம்ப்யூட்டர் மதிக்காது."

"எழுதிக்குங்க! பக்கத்துக்கு அடியில, எண்ணூறுக்கு அறுநூறு அளவுத் திரையில் பார்த்தால் சிறப்புன்னு ஒரு வரி ஓடவிடணும். அதுதான் வர்றவங்களுக்கு நாம காட்டுற மரியாதை."

எல்லாவற்றுக்கும் மேல் டேபிள். அதாவது கட்டம். எதை எழுதினாலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் போட்டு, அதற்குள்ளும் ஒன்று போட்டு, அதற்குள்தான் எழுத வேண்டும்.

"பக்கம்ங்கிறது வயலு. டேபிள்தான் வரப்பு. வரப்பு இல்லாத வயல்ல தண்ணி நிக்குமா? சொல்லுங்க!"

"நிக்காது சார்!" என்று மாடியே அதிரும். கீழே உரம் வாங்க வந்த விவசாயிகளும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

ஒரு மாணவியின் கல்யாணப் பந்தியில் இடம் போதவில்லை. மாஸ்டர் எழுந்து நின்று, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் டேபிள் பாஷையில், "மூணாவது வரிசையையும் நாலாவது வரிசையையும் மெர்ஜ் பண்ணுங்க" என்று உத்தரவு போட்டார். சாம்பார் வாளியோடு நின்றவர் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல், ரசம் வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் சிகரம், முதல் வரி. "மேல ஒண்ணும் இல்லாம ஒரு ஃபைலும் தொடங்கக்கூடாது. பிள்ளையார் சுழி போடறவங்க போடுங்க, 786 போடறவங்க போடுங்க, சிலுவை போடறவங்க போடுங்க. வெளியில தெரியாது. உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தெரியும்." திரையில் தெரியாமல் மறைத்து எழுத ஒரு குறி உண்டாம், அதற்குள் போடச் சொல்வார்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நானும் கடைச் சீட்டு ஒவ்வொன்றிலும் 786 போட்டுவிட்டுத்தான் பேனாவை நகர்த்துவேன். துபாயில் பதினோரு வருடம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏசியில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், இந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் நான் வெந்துகொண்டிருப்பேன். ஊர் திரும்பி பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நோட்டுப் புத்தகக் கடை போட்டபிறகும் அந்தக் கண்ணாடி கண்ணைவிட்டுப் போகவில்லை. பர்வீன் அந்தப் பக்கம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. காலேஜில் கணக்குப் படித்து முடித்தவளை மாஸ்டரிடம் நானேதான் சேர்த்தேன். லாங் சைஸ் நோட்டையும் என் கடையிலிருந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை பர்வீன் வந்திறங்கி, நடந்ததைச் சொன்னாள்.

"இண்டர்வியூ எடுத்தது ஒரு அக்கா. என்னைவிட நாலு வயசு மூத்தவங்களா இருப்பாங்க. என் பக்கத்தை அவங்க போன்ல திறந்தாங்க. டேபிள் எல்லாம் திரையைத் தாண்டி ஓடிருச்சு. விரலால தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, 'இது அரக்கோணம் வரைக்கும் போகுமா?'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"உள்ள எப்படி எழுதியிருக்கேன்னு பாத்தாங்க. முதல் வரியில 786. 'இது என்ன, வெர்ஷன் நம்பரா?'ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க."

"அஸ்தஃபிருல்லா" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள் என் மனைவி. சிரிப்பை அடக்கத்தான் சொன்னாள் என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

"யாருகிட்ட படிச்சேன்னு கேட்டாங்க அத்தா. நான் பேரைச் சொல்லல. கணக்குல கேட்டதுக்கெல்லாம் சரியாச் சொல்லிட்டேன். அதனால பத்து நாள் கொடுத்திருக்காங்க. டேபிள் போடாம, போன்லயும் ஒழுங்காத் தெரியற மாதிரி ஒரு பக்கம் எழுதிட்டு வரணும். அது சரியா இருந்தா வேலை. இல்லன்னா இல்ல."

நான் நேரே உரக்கடை மாடிக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். சண்டைக்கு வந்தவன் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தால், கோபத்தில் பாதி அந்தச் செருப்போடு தங்கிவிடுகிறது.

"மாஸ்டர், நீங்க சொல்லிக் கொடுத்ததைப் பாத்துச் சென்னையில சிரிக்கிறாங்க."

"சிரிப்பாங்க பாய். அவங்க வரப்பைக் கண்டாங்களா, வயலைக் கண்டாங்களா?"

"786-ஐப் பாத்து வெர்ஷன் நம்பரான்னு கேட்டாங்களாம்."

மாஸ்டர் முகம் மாறிவிட்டது. "அதுல கைவச்சாங்களா? இங்க வந்து உக்காருங்க."

நெல் வியாபாரி ஒருவருக்காக அவர் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினார். அம்சமாக இருந்தது. முதல் வரியில் மறைந்திருந்த பிள்ளையார் சுழியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி திறந்தார். படங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து, எழுத்துகள் வீங்கி, நெல்மூட்டை மூன்று துண்டாகக் கிடந்தது. சுழியைத் திரும்பப் போட்டார். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"பாத்தீங்களா பாய்? மேல இருக்கறவரை எடுத்தா என்ன ஆகுதுன்னு பாத்தீங்களா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. சண்டை போடப் போனவன் அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் பர்வீன், சென்னையிலிருந்து வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அத்தா, அது அற்புதம் இல்ல. அதுக்கு அடுத்த வரி இருக்குல்ல, 'இந்தப் பக்கம் இந்த விதிப்படி எழுதினது'ன்னு சொல்ற வரி, அதுதான் எல்லாத்துக்கும் மேல இருக்கணும். அதுக்கு மேல எது உக்காந்திருந்தாலும், சார் வச்சிருக்கற அந்தப் பழைய பிரவுசர், 'ஏதோ அந்தக் காலத்துப் பக்கம், பாவம்'னு நெனச்சு, தப்பையெல்லாம் பொறுத்துக்கிட்டுக் காட்டும். அங்க வெங்காயம்னு எழுதினாலும் அதேதான் நடக்கும்."

"வெங்காயம்னா?"

"வெங்காயம்தான் அத்தா."

பத்து நாள் ஓடத் தொடங்கியது. கரண்ட் நாளுக்கு ஆறு மணி நேரம் வந்தால் பெரிது. வந்த நேரத்திலும் அவள் கை தானாகவே பெரிய எழுத்தில் கட்டம் போட்டது. எழுதுவாள், அழிப்பாள். "புதுசா வந்ததெல்லாம் லேசாத்தான் இருக்கு அத்தா. ஆனா விரலை வச்சதும் காதுக்குள்ள சார் வந்து 'எழுதிக்குங்க!'ங்கறாரு" என்றாள். நான் அரைமணிக்கு ஒரு தடவை டீயோடு போய்ப் பின்னால் நின்றேன். "என்னங்க, நீங்க கடைக்குப் போங்க. உங்க மூச்சுக் காத்துலயே அந்தக் கம்ப்யூட்டர் சூடாவுது" என்று மனைவி விரட்டினாள்.

நாலாம் நாள் பர்வீன் மாஸ்டரைப் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். அவள் டேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"சார், உங்க வயல்ல இப்ப என்ன நெல்லு?"

"புது ரகம்மா. போன வருசம்தான் மாத்தினேன்."

"உங்க அப்பா போட்டது?"

"அது ஆளுயரம் வளரும், ஒரு காத்தடிச்சா படுத்துக்கும். இப்ப எவன் நடறான் அதை?"

"அப்ப அவங்க நட்டது தப்பா சார்?"

"தப்பா? என்னம்மா இப்படிக் கேக்குற? அன்னிக்கு அதுதான் எங்களுக்குச் சோறு."

"டேபிளும் அப்படித்தான் சார்."

மாஸ்டர் டையின் நுனியால் முகத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு அட்டையில்லாத புத்தகத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இந்த வருசம் மட்டும் முப்பத்தெட்டு பேரு எழுதிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

மறுநாள் சென்டர் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும். என் கவலை இரண்டாகிவிட்டது. உரக்கடைக்காரரைக் கேட்டால், "காலையில டையைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில போறாரு, இருட்டினா வர்றாரு. என்னன்னு கேட்டா சிவப்பு மசி பாட்டில் இருக்கான்னு கேக்கறாரு" என்றார்.

பத்தாம் நாள் பர்வீன் மறுபடியும் சென்னையில் இருந்தாள். நான் கடையில் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். மூன்று நாற்பது வந்தது, போனது. போன் அடிக்கவில்லை. பேனா கேட்டவருக்குக் கோந்து பாட்டிலைக் கொடுத்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலேகாலுக்கு அடித்தது.

"சிரிச்சாங்களாம்மா?"

"சிரிச்சாங்க அத்தா" என்றாள் பர்வீன். "இந்தத் தடவை என் முகத்தைப் பாத்து. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து இருமிவிட்டு நின்றது. டேபிள் மாஸ்டர். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. விரல்களெல்லாம் சிவப்பு மசி. வேண்டாம் என்று நான் சொல்லியும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வீடு வீடாப் போயிட்டு வர்றேன் பாய். சாலியமங்கலம், அய்யம்பேட்டை, கபிஸ்தலம் எல்லாம் முடிஞ்சுது. எழுதின பிள்ளைங்க நோட்டை எல்லாம் வாங்கி, என் கையாலயே குறுக்க கோடு போட்டு அடிச்சிட்டேன்."

"ரொம்ப நல்லது மாஸ்டர்."

"என்ன நல்லது? அடிச்சு முடிச்சதும், 'சரி சார், இதுக்குப் பதிலா என்ன எழுதறது?'ன்னு நோட்டை நீட்டுறாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? ஒரு வாரம் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டு ஓடிவந்துட்டேன்."

பர்வீனின் வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் பெட்டியை மூடிவிட்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் மேல் விதியைச் சொல்லும் வரிதான் வர வேண்டும் என்பதை முதலில் சொன்னாள். மாஸ்டர் பையிலிருந்து புத்தம்புது லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் கடை நோட்டுதான், நான் இல்லாதபோது வந்து வாங்கியிருக்கிறார். முதல் வரியை வெறுமனே விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் பிள்ளையார் சுழி போட்டார்.

"மேல் வரியை விதிக்கு விட்டாச்சு. இவரு ஒரு வரி தள்ளி உக்காந்துக்குவாரு, கோவிச்சுக்க மாட்டாரு."

நான் எழுந்து மின்விசிறியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் பேனா மூடியைத் திறந்து, வகுப்பில் முதல் நாள் உட்காரும் பிள்ளையைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றார். "எழுதிக்கிறேன்."