கங்காணி கை வைத்த ஒரே சிங்க்

தன் கையால் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் இந்தத் தீவுகளில் அதிக வேலை செய்து முடித்தவர் யார் என்று போட்டி வைத்தால், கங்காணி அதில் கலந்துகொள்ள மாட்டார். வாசலில் நின்று, போட்டி நடத்துகிறவர்களை வேலை வாங்கிக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். போர்ட் பிளேரின் ஷாதிபூரில் எங்கள் ஏற்றத்துத் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். வாலிபத்தில் கப்பலேறி, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரராகச் சேர்ந்து, பிறகு ஆட்களை மேய்க்கும் கங்காணியானவர். சுனாமியில் கடல் ஏறி வந்த அந்த வருடத்துக்குப் பின் மகள் வீட்டோடு போர்ட் பிளேர் வந்துவிட்டார். தோட்டம் அவரை விட்டது. அவர் தோட்டத்தை விடவில்லை. மரங்கள் இருந்த இடத்தில் வீடுகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் பிரட்டு. தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் சொல். பால்காரர், பேப்பர்காரர், பள்ளி வேன், மூன்று நாய்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர், எல்லாரும் ஆஜர் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அவர் யாருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அரைப்பேர் வாங்கியவர்கள் அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்கள். ஒரு வருடம் மே மாதம் முடிந்தும் மழையைக் காணோம். கங்காணி வானத்தை அண்ணாந்து பார்த்து, "ஒனக்கும் அரைப்பேர்தான், போ!" என்றார். மறுநாள் தொடங்கிய மழை ஐந்து நாள் நிற்கவில்லை. அப்படியொரு பயந்த மழையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

குரல் வேறு. மேடும் பள்ளமுமான காட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல். கட்சாலில் அவர் கோழியைக் கூப்பிட்டால், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து ஆள் இறங்கி வந்துவிடுமாம். சொன்னது அவருடைய சொந்த மகள்.

எங்கள் தெருவுக்கு கான்கிரீட் போட வந்தவர்கள் மூன்று நாள் அவர் சொன்னபடி வேலை செய்தார்கள். உண்மையான மேஸ்திரி காய்ச்சலிலிருந்து எழுந்து நான்காம் நாள் வந்தபோது, "நீ யாரு?" என்று மேஸ்திரியைக் கேட்டார்கள். மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடுகிற ஒரே துண்டு இன்றைக்கும் அந்த மூன்று நாள் துண்டுதான்.

இனி சிங்க்குக்கு வருகிறேன்.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மாள், வங்காளி. பௌதி என்று கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். உறவு அந்தச் சொல்லோடு சரி. போன மழைக்காலத்தில் எங்கள் சமையலறையில் கசிந்த தண்ணீர் தளத்துக்குள் இறங்கி, அவர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பில் சொட்டிவிட்டது. அன்று மாடியேறி வந்து ஒற்றை விரலை உயர்த்தினார். "ஏக் பூந்த் ஔர் கிரா, தோ கர் காலி." இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஷாதிபூரில் வாடகைக்கு வீடு கிடைப்பது, மே மாதத்தில் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கிடைப்பதைவிடக் கஷ்டம். மழைக்காலம் போய், மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டே வாரம் என்றான பிறகும் அந்த விரல் என் தூக்கத்தில் வந்து நிமிர்ந்து நிற்கும், போகும், மறுபடி வரும்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சிங்க் நின்றுவிட்டது. விளிம்புவரை நிரம்பி, அசைவற்று, மேலே ஒற்றைக் கறிவேப்பிலை தோணி போல மிதக்க, கடலிடமிருந்து பிரித்து வைத்த ஒரு குட்டிக் கடலாகக் கிடந்தது. குற்றவாளி நான்தான். முந்தின நாள் புளித்துப்போன தேங்காய்ப்பால், தேங்காய்ச் சக்கை, மீன்குழம்புச் சட்டியின் எண்ணெய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளியிருந்தேன்.

என் கணவர் திருநெல்வேலிக்காரர். எதற்கும் போனில் வீடியோ பார்க்கிறவர். வீடியோ சொன்னபடி சமையல் சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்றினார். பாரன் தீவு எரிமலை போலப் பொங்கி நுரைத்தது. எரிமலையால் நமக்கு என்ன உபயோகமோ அதே உபயோகம்தான் இதிலும். அடுத்துக் கம்பியை விட்டுக் குத்தினார். அடைப்பு அப்படியே இருக்க, சிங்க்குக்கு அடியில் குழாய் மூட்டு மெல்லக் கசிய ஆரம்பித்தது.

"பௌதி கீழ இருக்காங்களா?" என்றார், முகம் வெளுத்து.

"மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க. பதினோரு மணிக்கு வந்துருவாங்க."

"இப்பமே பத்து ஆச்சுல்லா! பிளம்பரக் கூப்பிடு."

தெருவுக்கு ஒரே பிளம்பர். அவர் லாங் ஐலண்டில் மச்சினன் கல்யாணத்தில் இருந்தார். போட் கிடைத்தால்தான் வருவார்.

அப்போது வாசலில் அந்தக் குரல்.

"தங்கச்சி! ஒங்க வீட்டுக் கொழாய் இன்னைக்குப் பிரட்டுக்கு வரல்லியே!"

காலை நடையில் ஒவ்வொரு வீட்டின் கழிவுக் குழாயையும் அவர் எண்ணிக்கொண்டு போவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் குழாய் வறண்டு கிடந்தது. ஆஜர் இல்லை.

"அவர உள்ள விடாத" என்று கணவர் என் காதில் கிசுகிசுத்தார். "அவரு ஒரு சத்தம் போட்டா அபர்தீன் பஜார் வரைக்கும் கேக்கும்."

சொல்லி முடிக்கும் முன்பே கங்காணி அடுப்படியில் நின்றார். கைகள் முதுகுக்குப் பின்னால். கண்கள் சிங்க்கின் மேல்.

"ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று கெஞ்சினேன். "பௌதி வர்றதுக்குள்ள முடிச்சாகணும். தெரிஞ்சுதுன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

"விளங்குது தங்கச்சி, விளங்குது" என்று அவர் ரகசியக் குரலில் சொன்னார். பக்கத்து மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கணவரைப் பார்த்து, "பேரு?"

"ஐயா, நாலு வருஷமா என்னயப் பாக்குறீங்க."

"பிரட்டுன்னா பிரட்டுதான். பேரு?"

கணவர் இனிஷியலோடு சொன்னார். நானும் சொன்னேன். கங்காணி திருப்தியாகத் தலையசைத்து, சிங்க்கை நோக்கிக் குனிந்தார். மூக்கு சுருங்கியது.

"என்னாது இது, புளிச்ச வாசம்?"

"வினிகர்" என்றார் கணவர்.

"உள்ள என்னா போச்சு?"

"தேங்காய்ப்பால்" என்றேன் நான்.

ரகசியக் குரல் அத்தோடு முடிந்தது. "அடப் பாவி மனுசா! பாலுக்கு அசிட் ஊத்திப்புட்டியா? ரப்பர் பாலோ தேங்காப் பாலோ, பால் பால்தானே! அசிட் பட்டா உறைஞ்சு கட்டியாகும். தோட்டத்தில இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். நல்ல சிங்க்க ரப்பர் ஷீட்டு போடுற தட்டாக்கி வச்சிருக்கியே தம்பி!"

"வீடியோல அப்படித்தான் போட்டிருந்தான்..."

"வீடியோவுக்கு அரைப்பேர்!"

வேலை தொடங்கியது. நான் தண்ணீரை மக்கில் மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். அடியில் நான்கு விரல் ஆழத்துக்கு மட்டும் விட்டு வைக்க வேண்டும். சிங்க்கின் பக்கவாட்டில் தண்ணீர் வழியாமலிருக்க ஒரு துளை இருக்கிறதே, அதில் ஈரத்துணியைத் திணித்து இறுக்க வேண்டும். "காத்து அந்த வழியா ஓடிரும். ஓடினா அமுக்குறது வீண்." மொட்டைமாடியில் எப்போதோ வந்து விழுந்திருந்த ரப்பர் பந்தைக் கழுவி இரண்டாக வெட்டச் சொன்னார். பாதிப் பந்தைக் கவிழ்த்து வடிகால் மேல் வைத்துக் கணவர் அமுக்கினார்.

"அமுக்கு! இழு! அமுக்கு! இழு! மூச்சு விட்டு அமுக்கு தம்பி, மாவா பெசையுற?"

குழாய் வயிற்றுவலிக்காரர் போல முனகியது. தண்ணீர் ஒரு விரல் இறங்கி மறுபடி ஏறியது. அதற்குப் பதிலாக அடியில் மூட்டுக் கசிவு சொட்டுகளாக மாறியது. சொட். சொட். ஒவ்வொரு சொட்டும் தரையில் விழும்போது பௌதியின் விரல் என் கண்முன்னால் ஒரு அங்குலம் உயர்ந்தது. வாளி நிரம்பிக் கிடந்தது. எதை வைப்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"செரட்டை குடு."

தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தேன். கைகளை முன்னால் கொண்டுவந்து கங்காணி எதையாவது வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழாயில் கம்பியைச் சுற்றி, வளையம் செய்து, சிரட்டையை அதில் உட்கார வைத்து, கொஞ்சம் சாய்த்து, பிறகு விட்டார். அடுத்த சொட்டு சரியாக அதன் நடுவில் விழுந்தது. ஒரு கணம் எங்கள் சிங்க் சிங்க்காக இல்லை. விடியலில், பனியில், பட்டை கீறிய ஒரு ரப்பர் மரமாக நின்று பால் சொட்டியது.

"வாளிய காலி பண்ணி அடியில வைங்க. தண்ணி பூராவும் மொண்டு எடு. அந்தா குடுவை மாதிரி தொங்குதே, அதைத் திருகிக் கழட்டு தம்பி. கசடு அங்கதான் ஒக்காந்திருக்கு."

கணவர் திருகினார். அசையவில்லை. மறுபடி திருகினார். முகம் சிவந்தது, குடுவை சிவக்கவில்லை.

"எடப்பக்கம்! எடப்பக்கமாத் திருப்பு!"

அந்த "எடப்பக்கம்" காற்றில் போய்ச் சேர்ந்த அதே நேரம் கீழே ஆட்டோ நின்றது. கேட் கிறீச்சிட்டது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏற ஆரம்பித்தது.

நான் மனத்துக்குள் சாமான் கட்டத் தொடங்கிவிட்டேன். பீரோவை எப்படி இறக்குவது, மகளின் புத்தகங்களை எந்தப் பெட்டியில் போடுவது. கங்காணி வாசலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"பழைய குக்கர் வளையம் இருக்கா தங்கச்சி? சுருக்கா!"

கொடுத்தேன். மண்டியிட்டார். ரப்பர் வளையத்தைக் குடுவையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். "ரப்பர் புடிச்சா விடாது தம்பி" என்றார், முதன்முறையாக உண்மையிலேயே மெதுவாக. மணிக்கட்டு ஒரு சின்னத் திருப்பு திருப்பியது. பலம் போட்ட மாதிரியே தெரியவில்லை. பல்லாயிரம் காலைகள் மரத்துக்கு வலிக்காமல் பட்டை சீவிய கையின் திருப்பு அது. குடுவை கழன்றது. உள்ளிருந்து வெள்ளையாக ஒரு கட்டி வாளியில் 'தொப்' என்று விழுந்தது.

அதை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"ஒட்டுப்பால். மூணாந்தரம். ஸ்டோருக்கு அனுப்ப ஏலாது." மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் கழிவுக்குத் தோட்டத்தில் அதுதான் பேர்.

வாசலில் பௌதி நின்றார். பையிலிருந்து சுர்மாய் மீனின் வால் எட்டிப் பார்த்தது. அவர் வாளியைப் பார்த்தார், தொங்கும் சிரட்டையைப் பார்த்தார், நனைந்த பனியனோடு நின்ற என் கணவரைப் பார்த்தார், மண்டியிட்டிருந்த கங்காணியைப் பார்த்தார். நான் ஈரத் தரையின் மேல் கால்மிதியை இழுத்துப் போட்டேன்.

பௌதி படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கங்காணிஜி... ஹமாரா பீ."

எங்களுடையதும்தான் என்கிறார்! நான்கு நாளாக அவர் சிங்க்கும் அடைத்திருந்தது. மீன் செதில். பாத்திரங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் கழுவியிருக்கிறார். ஒரு சொட்டுக்கு விரலைத் தூக்கியவர், குடியிருப்பவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வார்?

"அப்ப வீடு... காலி?" என்று தட்டுத் தடுமாறிக் கேட்டேன்.

"காலி-வாலி சோடோ! நீச்சே ஆஓ!" காலியாவது ஒன்றாவது, முதலில் கீழே வாங்க.

அதற்கு முன் எங்கள் வேலையை முடித்தோம். ஈர்க்குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் குழாயின் உள்ளே துலக்கினோம். குடுவையைக் கழுவி மாட்டினோம். பாத்திர சோப்பைக் கரைத்து வெந்நீர். "கொதிக்கக் கொதிக்க ஊத்திப்புடாத, பிளாஸ்டிக் கொழாய் இளகிரும். கை பொறுக்குற சூடு போதும்." ஊற்றினேன். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு நடுவில் ஒரு குழி விழுந்தது, குழி சுழன்றது, சுழன்று சுழன்று கொடகொடவென்று இறங்கியது. எத்தனையோ அலைச் சத்தம் கேட்டு வாழ்கிற ஊர் இது. அன்றைக்கு அந்தக் கொடகொடவுக்கு முன்னால் கடலெல்லாம் ஒன்றுமில்லை. என் தோள்கள் காதுகளை விட்டு இறங்கின. அடுப்படியில் இருந்த மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். பௌதியையும் சேர்த்தால் நான்கு.

கீழே போனதும் கங்காணியின் கைகள் பழையபடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பிரட்டு. பௌதி தன் முழுப்பெயரையும் பயபக்தியோடு சொன்னார். அமுக்கினார், இழுத்தார், நடுவில் தன் அக்காவின் மருமகளைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார். அவர் சிங்க்கிலும் தண்ணீர் இறங்கியது, ஆனாலும் அரைப்பேர் விழுந்தது.

"அரைப்பேர் மத்லப்?" என்று என்னைக் கேட்டார்.

பாதிச் சம்பளம் என்று விளக்கினேன்.

"காம் தோ பூரா கியா!" முழு வேலையும் செய்தேனே என்று பௌதிக்கு உண்மையாகவே வருத்தம். அன்றிலிருந்து அந்த விரல் உயரவே இல்லை. சிங்க்கில் எதையாவது கொட்டும் முன் இரண்டு வீட்டிலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வருடம் கணவருக்கு அரசுக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். போய்ப் பார்த்தோம். புதுக் கட்டடம், இரண்டு படுக்கையறை, தினமும் தண்ணீர், முகம் தெரிகிற பளபளப்பில் எவர்சில்வர் சிங்க். கணவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் நேராக இறங்கிப் போனது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வரும் பஸ்ஸில், "நல்லாத்தான் இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அங்க நம்மள ஏசுறதுக்கு ஆளில்லையே" என்றார்.

மறுநாள் ஆபீஸில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி மாட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வீட்டில் வயதான பெரியவர் இருக்கிறார்னு எழுதினேன்."