சூரிய பகவான் கேட்ட பத்திரம்

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாளாக எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். சூரியானந்த அடிகள் வந்திருக்கிறாராம்! விவசாயக் காட்டை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் போதுமாம். சோலார் தகடு வருமாம், உட்கார்ந்த இடத்தில் வருமானம் கொட்டுமாம். எந்தக் கம்பெனி, மின்சாரம் எந்த லைனில் போகும் என்று கேட்டால் அது நாத்திகம். பகவானிடம் பூக் கேட்பதுதான் பக்தி.

பூக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எடுத்ததில் வெள்ளை இருந்தால் உத்தரவு, சிவப்பு இருந்தால் இல்லை. இதுவரை கேட்டவர்கள் அறுபது பேர். அறுபது பேருக்கும் வெள்ளை! ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? புல்லரிப்புதான் வந்தது.

மஞ்சுளாவுக்கு வயிறு எரிந்தது. அரளி போட்டிருக்கும் இரண்டு ஏக்கரை விட்டால் அவர்களுக்கு வேறு சோறு கிடையாது. அந்தப் பத்திரத்தோடு வரிசையில் நின்றான் புருஷன் செங்கோடன்.

"ஏனுங்க, மண்டபத்துக்குப் பூ குடுக்கறதே நான்தான். மூணு நாளா வெள்ளை மட்டுந்தான் வாங்குறாங்க. செவப்புக்கு எங்கீங்க போவாங்க?"

"சாமி காரியத்துல குறுக்க பேசாத புள்ள!"

செங்கோடன் எடுத்தான். வெள்ளை. பத்திரத்தை நீட்டப் போனவன் கையை மஞ்சுளா பிடித்துக்கொண்டாள்.

"சாமி, மிச்சப் பொட்டலத்துல செவப்புத்தானுங்களே இருக்கும்? பிரிச்சுக் காட்டுங்க."

"ஐயையோ! அதைப் பிரிச்சா தெய்வக் குத்தம்!"

"குத்தம் என் தலையோட போவட்டுமுங்க." சட்டென்று எடுத்துப் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

அடிகள் லேசுப்பட்ட ஆளா? "பகவான் கருணையப் பாருங்க! செவப்பையே வெள்ளையாக்கிட்டார்!" என்றார். நாலு பேர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்கள். வெட்கக்கேடு!

அடுத்தவர்களுக்குக் கட்டி வைத்திருந்த பொட்டலக் கூடையை மஞ்சுளா தூக்கித் தரையில் கவிழ்த்தாள். "ஆளுக்கொண்ணு பிரிங்க. ஒத்தச் செவப்பு இருந்தாலும் எங்க காடு சாமிக்கே."

பிரித்தார்கள். மண்டபம் முழுக்க வெள்ளை. அடிகள் சமையல்கட்டு வழியாக ஓடப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்து, அறுபது பத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டார்கள். செங்கோடன் தலை நிமிரவில்லை.

கூட்டத்தில் கந்தவேல் என்ற பெரிய மனிதர் பெருமூச்சு விட்டார். "இவன் போலிங்க. ஓமலூர்ல ஒருத்தர் வந்திருக்காராம், அவருதான் நெசமாமுங்க."

மஞ்சுளாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போங்க, நல்லாப் போங்க! வருசம் பூரா வெயில் மண்டையப் பொளக்குது, அந்த வெளிச்சம் கொஞ்சமாவது மண்டைக்குள்ள போச்சுங்களா?"