புது லப்டொப் அனுப்ப வேண்டாம்

நயினாதீவு,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஆரூரனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் கோயில் அம்மாளின் காவலில் நலமாக இருக்கிறோம். நோர்வேயில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இந்த வீட்டில் நலமில்லாதது நீ தந்துவிட்டுப் போன லப்டொப் ஒன்றுதான். அதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ "ஓகே அப்பா, ஓகே அப்பா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் ஓகே சொல்ல ஏலாது.

முதலில் குற்றம் யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். அந்த அப்டேற்றை நான் தேடிப் போகவில்லை. அதுதான் ஒவ்வொரு நாளும் திரையின் மூலையில் வந்து நின்று, போடட்டோ போடட்டோ என்று கேட்டது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆனால் கடலில் ஓடுகிற லோஞ்ச் எஞ்சினை ஒருவரிடமும் கேட்காமல் கழற்றிப் பூட்டப் பழகியவன். ஒரு கேள்விக்கு 'ஓம்' சொல்ல எனக்குத் தெரியாதா? அழுத்தினேன். இது மேலுக்குப் பூசுகிற பெயின்ற் மாதிரியான அப்டேற் இல்லை, மெசினின் அடிவேரிலேயே கைவைக்கிற ஃபேம்வெயார் என்று நீ விளக்கம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதானே. பாதித் தூரம் ஓடியிருக்கும், வானம் முழங்கத் தொடங்கியது.

"இடி முழங்குது, வயரைக் கழட்டுங்கோ!" என்று குசினிக்குள் இருந்து உன் அம்மா.

"இஞ்சரும், இடையிலை நிப்பாட்டக் கூடாதெண்டு எழுதிக் கிடக்கு."

"போன மாரியிலை ரீவி எரியேக்கையும் உந்த வாய்தான் கதைச்சது."

சொல்லிக்கொண்டே வந்து கழற்றிவிட்டாள். பற்றறி செத்து எவ்வளவோ காலம். வயரில்தான் அதற்கு உயிர். திரை கறுத்துப் போனது. பிறகு வயரைப் பூட்டினால் உள்ளே இருக்கிற காற்றாடி மட்டும் லோஞ்ச் மாதிரி இரைகிறது, ஓரத்தில் ஒரு மஞ்சள் லைற் மினுங்குகிறது, வேறொன்றும் இல்லை. உப்புக் காற்றுக் குடித்த எஞ்சினுக்கு நான் செய்வதையே இதற்கும் செய்தேன்: மழை விட்ட அன்று ஓலைப்பாயில் வெயிலுக்கு விரித்து வைத்தேன். அதே பாயில் அம்மா மோர்மிளகாயும் காயப்போட்டாள். அன்றிலிருந்து எழுத்துகளை அழுத்தினால் தும்மல் வருகிறது.

இதைச் சொன்னதும் நீ ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுக்கத் தொடங்கினாய். எடுத்து என்ன பிரயோசனம்?

"அப்பா, பவர் பட்டனை அமத்திப் பிடியுங்கோ. விட்டிடாதேங்கோ."

"பிடிச்சுக்கொண்டுதானடா இருக்கிறன். நீ சாப்பிட்டனியோ?"

"அப்பா, லைற் என்ன நிறம்?"

"மஞ்சள். என்ன சாப்பிட்டனி?"

"பாண். இப்ப விட்டிட்டுத் திரும்ப அமத்துங்கோ."

"பாணோடை என்ன?"

நீ திரும்பவும் லைற்றின் நிறத்தைத்தான் கேட்டாய். ஒரு மணித்தியாலம் அமத்தியும் விட்டும் என் பெருவிரல் மரத்ததுதான் மிச்சம். அடுத்த நாளும் அதே பட்டன், அதே பாண்.

பிறகு நீ சொன்னபடி யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். வள்ளத்தில் தண்ணி தெறிக்கும் என்று அம்மாவின் பழைய சேலையால் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த யோகம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணை, கைக்குழந்தையோ?"

"ஓம், நோர்வேயிலை நிக்கிற என்ரை பிள்ளை."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

குறிகட்டுவானில் இறங்கி பஸ் ஏறி, திருத்துகிற அன்ரனிதாஸ் என்பவரிடம் போனேன். திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, இடி நேரம் ஆர் அப்டேற் போடச் சொன்னது?" என்று கேட்டார். "இடி நேரம் ஆர் வயரைக் கழட்டச் சொன்னதெண்டு என்ரை மனிசியைக் கேளும்" என்றேன். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கடைசி வள்ளத்தில் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஆகவே, மார்கழியில் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவதாக நீ சொன்ன புது லப்டொப் வேண்டாம். வந்தால் அதே ஆளிடம் திருப்பி அனுப்புவேன். இந்தப் பழையதிலேயே இன்னும் அமத்திப் பார்க்க எத்தனையோ இருக்கிறது என்று நீயேதான் சொன்னாய். ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் பார்ப்போம்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நீ நிற்கிற இடமெல்லாம் அம்மாள் உனக்கு முன்னால் நிற்கட்டும்.

உன் அப்பா,
சி. இளையதம்பி

பி.கு.: லப்டொப் நல்லாய் வேலை செய்கிறது. அன்ரனிதாஸ் அன்றைக்கே எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தந்துவிட்டார். இது ஒழுங்காக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் முகம் தெரியும். நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மருந்து போட்டனீங்களோ" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாய். பழுதான பிறகு முகம் இல்லை, ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் போனில் நீ இருக்கிறாய். அம்மாவும் பக்கத்தில் கதிரை போட்டு, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதபடியால் உண்மையை எழுதுகிறேன். ஆனால் தபாலில் எழுதுகிறேன். இது உன் கைக்கு வர மூன்று கிழமை செல்லுமென்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். அதுவரைக்கும் வழமைபோல எடு. வாசித்த பிறகு எடுக்கிறதும் விடுகிறதும் உன் விருப்பம்.