அபி நக்கிய பனிமலைக் கல்

கருவடிக்குப்பம்,
ஞாயிறு இரவு.

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அக்கா சுடர்விழி எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் அபியும் சுகம். இந்தச் சுகம் என்ற சொல்லை எழுத எனக்கு இன்று சாயங்காலம்தான் தைரியம் வந்தது. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ இருக்கும் மலையில் போன் கிடைக்காததால், நாளை அங்கே கிளம்பும் உன் சிநேகிதர் செம்மலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். புதன்கிழமை, கட்டிலுக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன சாக்குப்பையிலிருந்து அபி ஒரு கல்லை உருட்டி எடுத்து நக்கிக்கொண்டிருந்தான். சும்மா இல்லை, குச்சி ஐஸ் மாதிரி. பல் முளைக்கிற குழந்தை, எதைத்தான் விடுவான் என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: பனியாறு இழுத்துவந்து மேடாகக் கொட்டிவிட்டுப் போன பாறையில் வெட்டிய கல், பனி விலகிய நாளிலிருந்து வானத்துக் கதிர் பட்டுப் பட்டு உள்ளே பெரிலியம் சேர்கிறது, அதை எண்ணினால் பனி எப்போது விலகியது என்று தெரியும். அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டினேன். இப்போது போனில் தேடினால் முதல் வரியிலேயே பெரிலியம் விஷம் என்று இருக்கிறது, அடுத்த வரியில் ஐசோடோப், கதிர்வீச்சு. பி.காம். படித்தவளுக்கு வேறென்ன வேண்டும்? குழந்தையின் வாயைக் கழுவி, கல்லை இடுக்கியால் பிடித்து மொட்டைமாடியில் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துக் குழந்தை டாக்டரிடம் ஓடினேன். "டாக்டர், பையன் ஐசோடோப்பை நக்கிட்டான்" என்றேன். அவர் நிமிராமலே, "எந்தக் கம்பெனி?" என்றார். கல் என்றதும்தான் நிமிர்ந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், அபி அவருடைய ஸ்டெதஸ்கோப்பையும் நக்கினான். ஒன்றுமில்லை, போம்மா என்று அனுப்பிவிட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினால், கீழ்வீட்டுக் கலைமகள் அக்கா வடகம் பிழிந்த துணி பறக்காமலிருக்க அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். எடுத்துடுங்கக்கா, அது தம்பியோட ஆராய்ச்சிக் கல்லு என்று கெஞ்சினேன். "நல்லா கனமா கீது சுடரு, இருக்கட்டும். உன் தம்பி படிச்ச படிப்பு இப்பதான் ஒரு வேலைக்கு ஒதவுது" என்றார்கள். எனக்கோ தொடப் பயம். நாலு நாள் வெயிலில் அங்கேயே கிடந்தது. வடகம் காய்ந்து தெருவில் நாலு வீட்டுக்குப் போனது. யாராவது மயங்கி விழுகிறார்களா என்று ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே பால் வாங்கப் போனேன். அதோடு புதுக் கவலை ஒன்று: நாலு நாள் வானத்துக் கதிர் பட்டிருக்கிறதே, கல்லின் வயசு கூடிப்போய் உன் பட்டமும் போய்விடுமோ என்று. ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் தம்பி. சோறு இறங்கவில்லை.

இன்று பொறுக்கமுடியாமல் உன் பேராசிரியை சாந்த்ரின் மேடத்துக்கே போன் போட்டு அழுதேன். முழுக்கக் கேட்டார். "இங்க கடலோரத்துல ஒரு வருஷம் முழுக்கக் கெடந்தாலும் ஒரு கிராமுக்கு நாலஞ்சு அணு சேந்தா பெருசும்மா. மலையில கெடந்த கல்லுலயே இருக்கறது அவ்ளோ கம்மின்னுதான் அதை எண்ணுற மெஷினைத் தேடி ஊரூரா அலையறோம். அது யாரை என்ன பண்ணும்?" என்றார். எச்சில், வடக மாவு எதுவும் பிரச்சனையில்லையாம். ஆசிட்டில் ஊறவைத்து மேல்தோலை உரித்த பிறகுதான் எண்ணுவார்களாம். போனை வைத்துவிட்டு அபியின் வாயிலேயே முத்தம் கொடுத்தேன். நாலு நாளாக நெற்றியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன் முகிலா. ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கல்லைத் துடைத்துப் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன். நீ பனிமலைக்கெல்லாம் வயசு கண்டுபிடித்து, உனக்கும் முப்பது ஆகப்போகிறது என்பதையும் கண்டுபிடித்து, சீக்கிரம் ஒரு பெண்ணுக்குச் சம்மதம் சொல்ல அக்காவின் ஆசிகள். அபி உனக்கு எச்சில் முத்தம் தரச் சொல்கிறான்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கப்போகும் அக்கா,
சுடர்விழி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் உன் மாமா இதைப் படித்துவிட்டு, "எந்தக் கல்லு?" என்றார். நீ ஊருக்குப் போன மறுநாளே, குழந்தை இழுக்கும் என்று உன் கற்களையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டாராம். ஸ்டூல் போட்டுப் பார்த்தேன்; சீட்டு ஒட்டியபடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. காலியான பையில் கிடந்ததெல்லாம், மீன் தொட்டிக்கென்று அவர் குருசுக்குப்பம் கடலோரத்தில் பொறுக்கிய கற்கள். "அங்க நாயிங்க படுத்துக் கெடக்கும், கழுவிட்டுப் போடலாம்னு வெச்சிருந்தேன்" என்கிறார். உன் பட்டத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நான் காலையில் டாக்டர் வரும்முன்பே அபியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நிற்கப்போகிறேன்.