குதிரைத் தாத்தாவும் என் தலைப்பாகையும்

எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே ஒரு குதிரை நிற்கிறது. குதிரைமேல் ஒரு மீசை. மீசைக்குப் பின்னால் என் மனைவி சுலோசனாவின் கொள்ளுத்தாத்தா. இந்தத் தசராவுக்குள் அந்த மீசையை மடக்கிக் காட்டுவது என்று நான் சபதம் எடுத்தேன்.

முதல் உலகப் போரில் மைசூர் மகாராஜாவின் குதிரைப்படையோடு கப்பலேறி, பாலஸ்தீனத்து ஹைஃபாவில் சண்டை போட்டவராம். அவர்கள் வீட்டில் அவருக்குக் குதிரைத் தாத்தா என்றுதான் பெயர். பெரியவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்வது அந்தக் குடும்பத்தில் மகா குற்றம். கல்யாணமான புதிதில் நான் கேட்டுப் பார்த்தேன். சுலோசனா கன்னத்தில் போட்டுக்கொண்டாளே தவிர, பெயர் வரவில்லை.

பெயர் தெரியாத அந்த மனுஷனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காப்பி ஆறிவிட்டது என்றால், பாலைவனத்தில் குதிரைத் தாத்தாவுக்கு யார் காப்பி போட்டுக் கொடுத்தார்கள் என்பாள். இடுப்பு வலிக்கிறது என்றால், குண்டடி பட்ட தொடையோடு அவர் குதிரை ஓட்டியதைச் சொல்வாள். எங்கள் லேஅவுட் சங்கத்தில் ஆயுத பூஜையன்று போர்வீரர் குடும்பங்களை மேடைக்கு அழைப்பார்கள். அவளுக்கு முன்வரிசை நாற்காலி. எனக்கு அவள் கைப்பையைச் சுமக்கும் உத்தியோகம்.

இந்த வருஷம் சங்கத் தலைவர் நஞ்சுண்டசாமி ஒரு புதுச் சட்டம் போட்டார். ஒரே ஒருவருக்குத்தான் மரியாதை. ஆனால் பெரிய மரியாதை. சால்வையோடு, ஜரிகை வைத்த மைசூர் பேட்டா என்ற தலைப்பாகையைச் சூட்டுவார்கள். "போட்டோ எல்லாம் ஆகாது, ரெக்கார்டு பேக்கு" என்று, ரெக்கார்டு வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். சுலோசனாவிடம் இருந்ததோ போட்டோ மட்டும். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எனக்கும் ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. ஹனூர் குப்புசாமி. அவர் சண்டைக்குப் போனவர் என்று அப்பா சொல்வார். எந்தச் சண்டை என்று அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லீவு போட்டுப் பழைய பட்டாள ரெக்கார்டுகளைத் தேடிப் போனேன். அவற்றை எழுதிய கிளார்க்குகள் கொடை வள்ளல்கள். போன பக்கத்தில் செத்துப்போனவருக்கு அடுத்த பக்கத்தில் பென்ஷன் கொடுத்திருந்தார்கள். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று வெவ்வேறு வயது. குதிரைகளின் உயரம் மட்டும் சுத்தமாக இருந்தது. தும்மித் தும்மித் தேடியதில் கடைசியாகச் சிக்கினார் குப்புசாமி. குதிரைப்படை, ஹைஃபா, தொடையில் காயம், ஒரு பதக்கம். ஊர்தான் மார்டள்ளி என்று இருந்தது. அப்பா பெயர் மாதப்பன் என்று இருந்தது. எங்கள் வம்சத்தில் மாதப்பன் என்று யாருமே கிடையாது. அதனால் என்ன? செத்தவனுக்குப் பென்ஷன் கொடுத்த கிளார்க், என் தாத்தாவுக்கு அப்பனை மாற்ற மாட்டானா?

சமையலறைக்குப் போய் விஷயத்தை உடைத்தேன். சுலோசனாவின் கரண்டி நின்றது.

"ஏனுங்க, அந்தப் பேரை இன்னொருக்கா சொல்லுங்க."

"குப்புசாமி. அப்பா பேரு மாதப்பன். ஊரைத்தான் மார்டள்ளின்னு தப்பாப் போட்டுட்டான்."

"உங்க கொள்ளுத்தாத்தாதான்னு உறுதிங்களா?"

"ரத்தம் சொல்லுது."

"அப்பன் வழிங்களா?"

"சாட்சாத் அப்பன் வழி."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, முத்திரை வைத்த நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள். பேட்டாக் கடைக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி, ஒரு நூலை எடுத்து என் தலையைச் சுற்றி அளந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் ஜெயித்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. நஞ்சுண்டசாமி பேட்டாவை என் தலையில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் இறுக்கம்தான். பெருமையில் தலை வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஹைஃபா கோட்டையை நான் மைக்கில் இன்னொரு தடவை பிடித்தேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. கீழே சுலோசனா என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு உலகப் போர் வந்தாலும் தகும் என்று தோன்றியது.

அப்போது அவள் எழுந்து, இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டாள். பாராட்டப்போகிறாள் என்று மைக்கை நானே நீட்டினேன்.

"எங்க குதிரைத் தாத்தா பேரை நான் சொல்லக் கூடாதுங்க. இவரு இப்பச் சொன்னாரே, அதே பேருதான். அவங்க அப்பா பேரும் அதேதான். கொள்ளேகாலுக்குக் குடிவர்றதுக்கு முன்னாடி எங்களுக்கும் மார்டள்ளிதான் ஊரு. அவரு எனக்கு அப்பன் வழி. இவருக்கும் அப்பன் வழின்னு முத்திரை வச்ச ரெக்கார்டே காட்டிட்டாரு. ஆக, நாங்க பங்காளி வீடு. இவரு எனக்கு அண்ணன் முறை ஆகுதுங்க. இது தெரியாமலே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டோம்."

நஞ்சுண்டசாமி என்னைப் பார்த்தார். "ஏனு சார் இது, காளிதாஸ் சார்?"

சுலோசனா மைக்கை விடவில்லை. "கௌரி ஹப்பம் பண்டிகைக்கு அண்ணன் வீட்டுச் சீர் ஒரு வருஷம்கூட வந்ததில்லைங்க. அதையும் சபையில சொல்லிடறேன்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லோரும் பொத்தாமலே சிரித்தார்கள். என் முன்னால் இரண்டே வழி. பேட்டாவை வைத்துக்கொண்டு அண்ணனாவது. இல்லையென்றால் கழற்றிவிட்டுப் புருஷனாக இருப்பது. மைக்கை வாங்கினேன். ரெக்கார்டு அட்சரம் பிசகாமல் சரி, தவறு என்னுடையதுதான், அந்த வீரர் என் கொள்ளுத்தாத்தா இல்லை என்றேன்.

"அப்ப யாரோட கொள்ளுத்தாத்தாங்க?" என்றாள் சுலோசனா.

"உன்னோடது."

"உங்க ரெக்கார்டு பேக்குக்கு இது போதுமா சார்?" என்று நஞ்சுண்டசாமியைக் கேட்டாள். அவர் என் தலையிலிருந்து பேட்டாவை எடுத்து அவளுக்குச் சூட்டி, முத்திரை வைத்த நகலையும் அவள் கையில் கொடுத்தார். இந்தத் தடவை கைதட்டல் நிஜமாகவே பெரிது. நானும் தட்டினேன், அவள் கைப்பை தோளில் தொங்க.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் பேட்டாவோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது.

"சுலோ, என் தலைக்கு அத்தனை இறுக்கமா இருந்தது உனக்கு மட்டும் எப்படிக் கச்சிதமா இருக்கு?"

"உங்களை அளந்த நூலை அன்னைக்கே முருங்கைக்காய்க் கட்டைக் கட்ட எடுத்துட்டேனுங்க. கடையில அளந்தது என் தலையைத்தான்."