கடைசிப் பத்தியைத் தின்ற கோழி

மங்காஃப்,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

மங்காஃப் தமிழர் வட்டத்தின் ஆண்டு மலர் ஆசிரியர், அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த ஜெயசீலன் அண்ணன் அவர்களுக்கு, ஸ்டோர் கீப்பர் கௌஸ் முகம்மது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மனைவி அஸ்மத் பீவியும் மகள் ஹிஃப்ஸாவும் இறைவன் கருணையால் நலம். அதுபோல் தாங்களும் அண்ணியும் தங்கள் ரத்தக் கொதிப்பும் நல்ல நிலையில் இருக்க துஆ செய்கிறேன். ரத்தக் கொதிப்பை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. நேற்று முதல் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் நம்பரையே மாற்றியிருப்பார்கள். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், நம் வட்டத்தில் ஒருவருக்கு அனுப்பியது அஸர் தொழுகைக்குள் எல்லார் கைக்கும் போய்விடும். ஆகவே நம் வேன் ஓட்டும் ஈசாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது நன்றிக் கடிதம். வசைக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

மலரின் முன்பிரதி ஞாயிறன்று என் கைக்கு வந்தது. அதில் நான் உருகி உருகி எழுதிய 'பிள்ளைகளின் தோழி கிசராகி உமெ அம்மையார்' என்ற கட்டுரையின் கடைசிப் பத்தியைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில், ஃபஹாஹீல் உணவகக்காரர் கொடுத்த விளம்பரத்தில், முழுக்கோழி ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சைத் துண்டுகளுக்கு நடுவே படுத்திருந்தது. ஒரு கோழிக்கு இருக்கும் மரியாதை எழுத்தாளனுக்கு இல்லையா என்று கேட்டேன். தாங்கள் ஆசிரியரா கசாப்புக் கடைக்காரரா என்றும் கேட்டேன். இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அண்ணன், அந்தக் கோழி நீடூழி வாழ்க. பொரித்த பிறகு அது வாழ வழியில்லை என்றால் விளம்பரம் கொடுத்தவராவது வாழ்க.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஹிஃப்ஸா தபாலில் பி.காம். படிக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். உண்மையில் அவள் நாள் முழுக்கச் செய்வது ஜப்பான் பாணியில் படக்கதை வரைவது. போன லீவுக்கு ஊர் போகும்போது சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி நான் கார்ட்டன் கட்டினேன். கார்ட்டன் கட்டுவதில் நான் எப்படிப்பட்டவன் என்று இந்தக் கட்டடத்தில் கேட்டால் சொல்வார்கள், ஒரு சொட்டு ஷாம்பு சிந்தாது. அன்று பாட்டில்களைச் சுற்ற நல்ல கெட்டியான காகிதம் தேவைப்பட்டது. பிள்ளையின் மேஜையில் ஒரு கட்டு இருந்தது, எழுதித் தீர்ந்த காகிதம்தானே என்று எடுத்து, ஷாம்புக்கு நாலு, கோடாலித் தைலத்துக்கு ஒன்று என்று சுற்றிவிட்டேன். அதிராம்பட்டினத்தில் என் கூடப்பிறந்த லாத்தா கார்ட்டனைப் பிரித்து, பாட்டில் சுற்றிய தாளில் படமெல்லாம் இருக்கிறதே, யார் வரைந்தது, ரொம்ப நல்லாயிருக்கு என்று போட்டோ எடுத்துப் போட்டபோதுதான் நான் எதைச் சுற்றினேன் என்று எனக்கே தெரிந்தது. ஹிஃப்ஸா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் "சரி வாப்பா" என்ற பதில்தான். சாப்பிட்டாயா, சரி வாப்பா. ஏசியைக் குறைக்கவா, சரி வாப்பா. ஒரு படத்தைக்கூட என் கண்ணில் காட்டவில்லை.

இந்த நேரத்தில்தான் மலருக்கு ஹிஃப்ஸாவிடம் எட்டுப் பக்கப் படக்கதை கேட்டீர்கள். பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதற்கே தங்களுக்கு ஆயுள் முழுக்க நன்றி. அவளுடைய கதை வரும் அதே மலரில், அவள் உயிராக நினைக்கும் ஜப்பான் அம்மையாரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதிவிட்டால், விழா அன்று புரட்டிப் பார்த்து என்னோடு பழையபடி பேசுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் அலமாரியிலிருந்து அந்த அம்மாவின் புத்தகம் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். தீவு தீவாகத் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணும் அவள் கூடவே நடக்கும் ஒரு வாத்தும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். குர்ஆன் ஓதிப் பழகிய கைக்கு அது ஒரு விஷயமே இல்லை. வாத்து காய்ச்சலில் படுத்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவரின் பெருமையைச் சொல்வதென்றால் அடிவேரிலிருந்து சொல்ல வேண்டும் என்று, அந்த அம்மா தொடக்க காலத்தில் வரைந்த புத்தகங்களின் பெயர்களை இணையத்தில் தேடி எடுத்தேன். ஒன்பது பெயர்கள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'பக்கத்து வீட்டு விருந்தாளி', 'வெந்நீர் ஊற்றுப் பயணம்', 'மழைக்கால இரவுப் பணி' என்று வந்தது. நானாகவே விளக்கமும் எழுதினேன். முதலாவது அண்டை வீட்டாரை உபசரிக்கும் பண்பாட்டைச் சொல்கிறது, இரண்டாவது புவியியல், மூன்றாவது நைட் டியூட்டி பார்க்கும் நம் தொழிலாளத் தோழர்களின் உழைப்புக்கு ஒரு காணிக்கை. இந்த ஒன்பதையும் வட்டத்தின் நூலகத்தில் வாங்கி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி சாப்பிட்ட பிறகு பெற்றோர் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். அதுதான் தாங்கள் கோழிக்காக எடுத்த பத்தி.

சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும் என்று, யோகோஹாமாவில் பழைய கார் ஏற்றுமதி யார்டில் வேலை பார்க்கும் என் மைத்துனன் சாகிரிடம் அந்தப் பெயர்களை அனுப்பி, அத்தனையும் வாங்கி அனுப்பு, விழாவில் மேடையில் வைத்து நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறேன் என்றிருந்தேன். நேற்று மத்தியானம் அவன் போன் பண்ணினான். அஸ்மத் பீவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். குடும்பமே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், ஸ்பீக்கர்ல போட்டிருக்கியளா?" என்றான். அதனால் என்ன, எல்லாரும் உன் அக்கா குடும்பம்தானே என்றேன். அவன் குரல் இறங்கிப் போனது. "அந்த அம்மா முதல்ல வரைஞ்சதெல்லாம் கல்யாணமானவங்க படிக்கிற புக்கு மச்சான். கல்யாணமானவங்களே ஒளிச்சு வச்சுத்தான் படிப்பாங்க. கடைக்காரன் என்னத் திரைக்குப் பின்னால மாடிக்கு அனுப்பினான். நான் தொழுதுட்டு நேரா போயிருந்தேன், தொப்பியோட."

 அஸ்மத் பீவி மீன் அடுப்பை அணைத்துவிட்டாள். எத்தனை புத்தகம் என்று கேட்டாள். ஒன்பது என்றேன். யாரைப் படிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டாள். பிள்ளைகளை என்றேன். எப்போது என்று கேட்டாள். பிரியாணிக்குப் பிறகு என்றேன்.  கரண்டி இன்னும் அவள் கையில் இருந்தது.

அண்ணன், அந்தப் பத்தி அச்சில் வந்திருந்தால் என்னை வட்டத்திலிருந்து தூக்கியிருப்பார்கள், போகட்டும். இரண்டு பக்கம் தள்ளி என் பிள்ளையின் முதல் கதை இருக்கிறது. வாப்பா இதை எழுதுகிறான், மகள் அதைத்தான் வரைகிறாளாம் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். அதன் பிறகு அவள் பென்சிலையே தொட்டிருக்க மாட்டாள். போனை வைத்ததும் முன்பிரதியை எடுத்துக் கோழி இன்னும் அங்கேயே படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு ஹிஃப்ஸா அறையிலிருந்து வந்தாள். மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தால் அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "அவங்களே சொல்லியிருக்காங்க வாப்பா, ஒளிக்கல. ஆரம்பத்துல வேற யாரும் அவங்களுக்கு வேலை குடுக்கல. கை வரையறது எப்படி, துணி மடிப்பு எப்படி, ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்குறது எப்படின்னு அங்கதான் பழகினாங்களாம். இப்ப அந்த வாத்து உங்கள அழ வச்சதே, அதுவும் அந்தக் கைதான்." அந்த அம்மாவைப் போலத் தொடங்கி இன்று பிள்ளைகள் கொண்டாடும் கதை வரைகிறவர்கள் அங்கே இன்னும் பலர் இருக்கிறார்களாம். அவள் இத்தனை வார்த்தை என்னிடம் சேர்த்துப் பேசி எத்தனையோ மாதமாகிறது. விஷயம் எதுவாக இருந்தால் என்ன, கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

யோசித்துப் பார்த்தேன். இந்த வளைகுடாவுக்கு வந்த என் முதல் விசாவில் ஆட்டு மேய்ப்பன் என்று போட்டிருந்தது. அதுவரை ஆட்டை நான் தட்டில்தான் பார்த்திருந்தேன். வஃப்ரா ஆட்டுப் பண்ணையில் அதுகளை எண்ணி எண்ணித்தான் சரக்கு எண்ணும் புத்தி வந்தது, இன்று ஸ்டோர் கீப்பர். தாங்கள் கப்பலில் பாத்திரம் கழுவ வந்ததை ஒவ்வொரு விழாவிலும் சொல்கிறீர்கள், நாங்களும் ஒவ்வொரு விழாவிலும் கைதட்டுகிறோம். அந்த அம்மாவுக்கு மட்டும் கைதட்ட ஏன் கை வராமல் போக வேண்டும்? அந்தப் புத்தகங்களை வீட்டுக்குள் விட மாட்டேன், அது வேறு. ஆனால் அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை ஒரு மாற்றுக் குறையவில்லை.

பிறகு ஹிஃப்ஸா கேட்டாள், மலரில் என் கதையைப் படித்தீர்களா என்று. கோழி மேல் இருந்த கோபத்தில் நான் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை. அவள் முன்னாலேயே திறந்தேன், வலப்பக்கத்திலிருந்து. ஒரு மனிதன் லீவுக்குப் போகக் கார்ட்டன் கட்டுகிறான். எட்டுப் பக்கமும் அவன் முகம் தெரிவதில்லை, கைகள் மட்டும்தான். டேப் ஒட்டுகிற கை, கயிறு முடிகிற கை, பாட்டிலைக் காகிதத்தில் சுற்றுகிற கை. ஆள்காட்டி விரலில் பாதி நகம் இல்லை. ஸ்டோரில் சரக்கு அடுக்கும் பேலட் விழுந்து எனக்குப் போன அதே நகம். அவளுடைய காகிதத்தை நான் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் கதவோரம் நின்று என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். "கை அழகா வந்துச்சு வாப்பா, பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றாள். அண்ணன், இந்தப் பக்கங்களை நாலு பேர் குனிந்த தலையோடு பார்க்காமல் நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள் என்றால் அது தாங்கள் வெட்டிய வெட்டு.

எனவே ஆசிரியர் அவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், உணவகத்தாருக்கும், பெயர் தெரியாத அந்தக் கோழிக்கும் எங்கள் மூவரின் சலாமும் நன்றியும். தங்கள் பேனாவும் கத்திரியும் என்றும் கூர்மையாக இருக்கட்டும். அண்ணிக்கு அஸ்மத் பீவி விசாரித்ததாகச் சொல்லவும். நாளை விழாவில் நேரில் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றி மறவாத,
கௌஸ் முகம்மது

பின்குறிப்பு: மேலே எழுதிய நன்றியைச் சற்று நிறுத்தி வைக்கவும். இதை மடிக்கும்போதுதான் ஈசா மலர்க் கட்டுகளில் பாதியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ரோஸ் நிறத்தில் ஒரு தாள். 'இடப் பற்றாக்குறையால் விடுபட்ட, கட்டுரையின் உயிர்நாடியான கடைசிப் பத்தி. எழுத்தாளர் மனம் நொந்ததற்கு ஆசிரியர் மன்னிப்புக் கோருகிறார்.' கீழே ஒன்பது பெயர்களும், தடித்த எழுத்தில். நைட் டியூட்டித் தோழர்களுக்கு அடிக்கோடு வேறு. என் பேச்சைக் கேட்டு நடக்க இந்த உலகத்தில் தாங்கள் ஒருவர்தானா அண்ணன் கிடைத்தீர்கள்? உங்களிடம் இருக்கும் கட்டுகளை யாரும் பிரிக்க விடாதீர்கள், நாங்கள் வந்து உருவிவிடுகிறோம். இங்கே மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து உருவிக்கொண்டிருக்கிறோம். ஹிஃப்ஸா புவியியல் வரைக்கும் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து மலர்க் கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அஸ்மத் பீவியும் சிரிக்கிறாள், கரண்டி இல்லாமல். உருவியதில் ஒரு தாளை மட்டும் ஹிஃப்ஸா தன் படங்கள் வைக்கும் ஃபைலில் செருகினாள். கிழித்துப் போடு பிள்ளை என்றேன். "நீங்க முதன்முதலா எழுதினது வாப்பா. அதப் போய் யாராச்சும் கிழிப்பாங்களா?" என்றாள். அந்த ஒன்று மட்டும் இருக்கட்டும் அண்ணன்.