அத்தை, அந்தப் பொத்தானை அமுக்காதீர்கள்

அன்பும் மரியாதையும் கொண்ட அத்தைக்கு,

வணக்கம். மாமா நலம், நானும் நலம். வெளியூர்க் கிளையில் உங்கள் ஆறு மாத வேலையும், நீங்கள் பழக்கிவிடும் புதுப் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறக்கும் முன்பே "முதல்ல அவன காட்டு" என்கிறீர்கள். காட்டிவிட்டால் அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடுகிறது? கடிதத்தில் பூனையைக் காட்ட முடியாது. அதனால் கடைசிவரை படிப்பீர்கள்.

நம் ஜட்ஜ் பெருத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறது என்று நீங்கள் வைத்த பெயர். இப்போது அந்த நாற்காலியில் அவருக்கு இடம் போதவில்லை, இரண்டு பக்கமும் வழிகிறார். தண்ணீர் வேறு குடித்துக்கொண்டே இருக்கிறார். அவருடைய கிண்ணம், குளியலறை வாளி, மாமா பல் தேய்க்க வைத்திருக்கும் டம்ளர், எதையும் விடுவதில்லை. மணல் தட்டை அள்ளி மாளவில்லை என்று மாமா சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நிறையத் தண்ணீர், நிறைய மூத்திரம், எவ்வளவு தின்றாலும் பசி: இது பூனைக்குச் சர்க்கரை வியாதியாக இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவளுக்கு அப்புறம் தூக்கம் ஏது?

கூடைக்குள் அவரை அடைக்க நானும் மாமாவும் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கடிதம் ஆகும். மாமாவின் சட்டையைக் கேட்காதீர்கள், அது இப்போது தரை துடைக்கிறது. பூனை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. மாமா பதறினார்.

"நான் இவருக்கு இனிப்பே காட்டினதில்லையே டாக்டர்!"

"இனிப்பு எதுக்கு சார்? இந்த உடம்பு போதும். நாலு சுவத்துக்குள்ளயே இருக்கு, ஓடறதில்ல, தாவறதில்ல, தின்னுட்டுத் தூங்குது. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதுக்கு மசியாது. ஆனா பயந்துக்காதீங்க, பயத்துலயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். இந்த ஒரு டெஸ்ட்ட நம்பி நான் ஊசி போட மாட்டேன். போன சில வாரமா ரத்தத்துல சராசரியா எவ்வளவு இருந்துதுன்னு காட்டற டெஸ்ட் இருக்கு, அனுப்பிப் பாக்கலாம்."

அந்த முடிவு வரும்வரை நான் நானாக இல்லை அத்தை. வியாதி முற்றினால் பின்னங்கால் குதிகாலை அழுத்தி நடக்கும் என்று படித்ததால், தரையில் குப்புறப் படுத்து அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து, "என்னம்மா, கம்மல் தொலைஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அவரும் படுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்.

முடிவு வந்தது. வியாதி இன்னும் வரவில்லை, வாசல்படியில் நிற்கிறது. எடை குறைந்தால் திரும்பிப் போய்விடும். குறையாவிட்டால் தினம் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, அநேகமாக ஆயுசுக்கும். அதற்காகப் பட்டினி போடவும் கூடாதாம், பெருத்த பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் ஈரல் கெட்டுவிடுமாம். அளந்து, மெதுவாகக் குறைக்க வேண்டும். காய்ந்த தீனியைக் குறைத்து ஈரத் தீனிக்கு மாற்ற வேண்டும். காய்ந்ததையே இப்படித் தின்றால் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்றார் டாக்டரம்மா.

"சாப்பாடு யாரு போடறீங்க?"

"மெஷின்," என்றார் மாமா. "காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, அதுவா கொட்டும்."

"நடுவுல?"

"நடுவுலயும் அப்பப்ப கொட்டும். நல்ல மெஷின் டாக்டர், தாராள மனசு."

"மெஷினுக்கு ஏது சார் மனசு? யாரோ அமுக்கறாங்க."

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேமரா வைத்த மெஷின். அதை இயக்கும் ஆப் உங்கள் போனில். அத்தை, நீங்களா?

இருங்கள், ஏதோ சத்தம்.

பார்த்தீர்களா! இப்போதும் கொட்டுகிறது! இந்த நேரத்தில் உங்களுக்கு மீட்டிங் இல்லையா? "வாடா என் ராஜா, சாப்பிட வா"ன்னு நீங்க பதிஞ்சு வச்ச குரல் வேற. அதக் கேட்டதும் ஜட்ஜ் ஓடறார், பின்னாலயே மாமாவும் எந்திரிச்சு வர்றார். நேத்து கையில தட்டோட வந்தார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

எனக்குப் புரியாம இல்ல அத்தை. அங்க யாரோ பேசிக்கிட்டே போறாங்க, உங்களுக்கு வீட்டு ஞாபகம் வருது, போனத் திறக்கறீங்க. இவர் கேமரா முன்னாடி பத்து நாள் பட்டினி கிடந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். விரல் தானா போகுது. ஆனா உங்க ஞாபகமெல்லாம் இவர் வயித்துலதான் வந்து விழுது. விளையாட்டுக் காட்டச் சொன்னார் டாக்டர்னு மாமா நூல்ல இறகக் கட்டிக்கிட்டு ஹால் முழுக்க ஓடறார். மாமா இளைச்சுட்டார். ஜட்ஜ் உக்காந்த இடத்துலேர்ந்து தீர்ப்ப ஒத்தி வச்சுட்டுக் கொட்டாவி விடறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் போனிலிருந்து அந்த ஆப்பை இன்றே எடுத்துவிடுங்கள். மாமாவிடம் கடவுச்சொல் வாங்கி என் போனில் போட்டுக்கொண்டுவிட்டேன். இனி டாக்டர் சொன்ன அளவை நான் ஒருத்திதான் வைப்பேன். இந்த மாதிரி விஷயத்துக்கு மனசு திடமாக இருக்கிற ஆள் வேண்டும். உங்களையும் மாமாவையும் குறை சொல்லவில்லை. உங்கள் இருவருக்கும் அது கிடையாது, அவ்வளவுதான். ஊசி என்று வந்தால் அவர் பிடரியைத் தூக்கிப் பிடித்துக் குத்தப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாமா நீங்கள் வரும் நாளைக் கேட்கச் சொன்னார். தான் கேட்கவில்லை என்றும் சொல்லச் சொன்னார்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று நான் வேலை பார்க்கும் கடைக்கு எடுத்துவந்தேன். மத்தியானம் மூக்குக்கண்ணாடி வாங்க ஒருத்தரும் வரவில்லை. ஜட்ஜ் தூங்குகிறாரா என்று பார்க்கத்தான் ஆப்பைத் திறந்தேன், சத்தியமாகப் பார்க்கத்தான். நேராக என்னையே பார்த்தார் அத்தை. முதல் தடவை பொத்தானில் கை பட்டுவிட்டது. இரண்டாவது தடவைக்கு என்னிடம் விளக்கம் இல்லை. நீங்கள் ஆப்பை எடுத்துவிட வேண்டாம். தயவுசெய்து கடவுச்சொல்லை மாற்றுங்கள், டாக்டர் சொன்ன அளவை நீங்களே வையுங்கள். எனக்கு மட்டும் சொல்லாதீர்கள். நான் கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். நாளை மத்தியானமே கெஞ்சுவேன்.